மாடிக்குக் குடிவந்த விரல்

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஒருவனின் கையைப் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருக்கிறாள் என் தங்கை. மோதிரம் கழல மாட்டேன் என்கிறது. தகடு வெட்டும் பட்டறையின் உள்வாசலில், வேலை தொடங்கும் முன் தினமும் நடப்பதுதான் இது. மோதிரம், வளையல், மணிக்கட்டில் சுற்றிய கயிறு, கைக்கடிகாரம் எல்லாம் மூடி போட்ட ஒரு டப்பாவுக்குள் போய்விட வேண்டும். "கல்யாண மோதிரம்க்கா" என்று அவன் இழுக்கிறான்.

"இருக்கட்டுமே. இது மெஷின்ல மாட்டுச்சுன்னா மோதிரம் நிக்கும், தோலு கையுறை மாதிரி கழண்டு வந்துடும். அப்புறம் அடுத்த மோதிரத்தை உன் பொண்டாட்டி எங்கடா போடுவா, மூக்குலயா?"

டப்பாவுக்குள் மோதிரம் விழுகிறது. அடுத்த ஆள் தானாகவே கையை நீட்டுகிறான்.

இந்த டப்பா என் தங்கை வென்றது. கத்திக்கு முன்னால் இருக்கும் கம்பித் தடுப்பை இனி யாரும் தூக்கிக் கட்ட முடியாதபடி திருகு போட்டு இறுக்கியிருக்கிறார்களே, அதுவும் அவள் வென்றது. முன்பெல்லாம் காலால் ஒரு மிதி மிதித்தால் கத்தி இறங்கிவிடும். இப்போது இரண்டு கையும் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால்தான் இறங்குகிறது. அதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க முதலாளியோடு மல்லுக்கு நின்றாள். சுவரில் தொங்கும் சிவப்பு முதலுதவிப் பெட்டியும் அவள் வென்றதுதான். அதற்கெல்லாம் முன்னால், பெண்களைப் பேக்கிங்குக்கும் பெருக்குவதற்கும் மட்டுமே வைத்திருந்த அந்தப் பட்டறையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்த முதல் பெண் அவள். யாரும் கூப்பிட்டுக் கொடுத்ததல்ல அந்த இடம். இவை போக, வலது கையில் ஒரு பெருவிரலையும் வென்றாள். பிறந்தபோது இருந்ததை அல்ல, வேறொன்றை.

பட்டறையில் அவளுக்கு 'ஸ்பீக்கர் அக்கா' என்று பெயர். பல வருடம் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, குரலைக் குறைப்பது எப்படி என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. வீட்டுக்குள் அவள் உப்பு கேட்டால் தெருமுனையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். சின்ன வயதிலும் அடங்கியவள் இல்லை. ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் அடித்த ஸ்கேலைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசிவிட்டு வீட்டுக்கு வந்தவள், திரும்பப் போகவே இல்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், முதுகில் இரண்டு வைத்தும் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. நான் எட்டாவது வரை போய், பிறகு துணி தைக்கக் கற்றுக்கொண்டேன். அவள் தகட்டுக்குப் போனாள்.

குளிர் நாளில் அந்தப் பெருவிரலுக்கு மட்டும் கம்பளி உறை போட்டுக்கொள்வாள். உறை நான் தைத்தது. இல்லாவிட்டால் விரலுக்குள் நெருப்பு வைத்தது போல எரியுமாம். இன்னொன்று, யார் வீட்டிலாவது டம்ளரில் ஐஸ்கட்டி உருளும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். கேட்டால் "பல்லு கூசுது" என்பாள். அவளுக்குப் பல் கூச்சம் கிடையாது.

பழைய மெஷினில் தகட்டைக் கோட்டுக்கு நேராக வைத்து, கீழே இருக்கும் மிதியை மிதிக்க வேண்டும். நீளமான கத்தி மேலிருந்து இறங்கி வெட்டும். கை உள்ளே போகாமலிருக்க முன்னால் கம்பித் தடுப்பு உண்டு. ஆனால் தடுப்பு இறங்கியிருந்தால் கோடு சரியாகத் தெரியாது, குனிந்து குனிந்து பார்க்க வேண்டும், வேலை பின்தங்கும், சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசுவார். அதனால் எல்லா மெஷினிலும் தடுப்பைத் தூக்கி ஒரு துணிக் கிழிசலால் கட்டிவைத்திருப்பார்கள். என் தங்கையின் மெஷினில் அப்படிக் கட்டியவள் அவளேதான். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. "நானே கட்டினது. முடிச்சு நல்லா இறுக்கமாத்தான் போட்டேன்" என்று, வேறு யாருடைய கதையையோ சொல்வது போலச் சொல்வாள்.

அன்று கத்திக்கு அடியில் ஒரு சின்னத் துண்டு சிக்கியது. வலது கையால் அதைத் தள்ளினாள். கால் மிதியிலிருந்து இறங்கவில்லை. முதலில் வலியே தெரியவில்லை என்கிறாள். தகட்டின்மேல் ஒரு பெருவிரல் தனியாகக் கிடப்பதைப் பார்த்து, இது யாருடையது என்று யோசித்தாளாம். நகத்தின் ஓரத்தில் இருந்த பழைய தழும்பைப் பார்த்த பிறகுதான் தன்னுடையது என்று புரிந்தது. அப்புறம்தான் கையைப் பார்த்தாள்.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டபோது ஓடி வந்தவள் பட்டாணி. பேக்கிங்கில் இருப்பவள், என் தங்கைக்கு உயிர்த்தோழி. ஆள் குள்ளம், அதனால் அந்தப் பெயர். பேக்கிங் கயிற்றால் தோழியின் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள். தகட்டின் மேலிருந்த விரலை வெறும் கையால் எடுத்தாள். எடுக்க வேறு யாருக்கும் கை வரவில்லை. முனையில் இருந்த ஜூஸ் கடைக்கு ஓடி, ஒரு பிளாஸ்டிக் மக்கு நிறைய உடைத்த ஐஸை வாங்கி, அதற்குள் விரலை ஆழமாகப் புதைத்தாள். மீன் கெடாமல் இருக்கிறதல்லவா, இதுவும் கெடாது என்று சுற்றி நின்றவர்களுக்குத் தைரியமும் சொன்னாளாம். அங்கே நின்ற அத்தனை பேரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மடியில் மக்கை வைத்துக்கொண்டு பட்டாணி உட்கார்ந்திருந்தாள். அவள் புடவையெல்லாம் ரத்தமும் ஐஸ் தண்ணீரும். "பத்திரமா இருக்குக்கா. ஐஸ்லயேதான் இருக்கு" என்று என்னைப் பார்த்ததும் சொன்னாள்.

கை டாக்டர் மக்குக்குள்ளிருந்து விரலை எடுத்தார். மெழுகுவர்த்தி போல வெளுத்து விறைத்திருந்தது. தட்டில் வைத்தபோது டக் என்று சத்தம் வந்தது. முதலில் மணிக்கட்டுக் கயிற்றை அறுக்கச் சொன்னார். அப்படி இறுக்கிக் கட்டினால் மிச்சக் கைக்கும் ரத்தம் போகாமல் கெட்டுவிடும், சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தாலே போதும் என்றார். பிறகு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். வெட்டு சுத்தமான வெட்டுதான், ஒட்டவைக்கக் கூடிய வெட்டு. ஆனால் சதை ஐஸை நேராகத் தொட்டால் உள்ளே உறைந்து, நூலைவிட மெல்லிய ரத்தக் குழாய்களெல்லாம் வெடித்துவிடும். நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவந்திருந்தால் கதையே வேறு. இருந்தாலும் பெருவிரல் என்பது பாதிக் கை, முயன்று பார்க்காமல் விடமாட்டேன் என்றார்.

முயன்றார். அவர்கள் தைக்கும் ஊசியை ஒரு நர்ஸ் எனக்குக் காட்டினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் நூல் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊசிக்குக் காதும் இல்லை, பிறக்கும்போதே நூலோடு பிறந்தது போல இருந்தது. அப்படிப்பட்ட நூலால் பொழுது சாயும்வரை தைத்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் நிறம் பார்த்துக்கொண்டிருந்தோம். அறையைச் சூடாக வைத்திருந்தார்கள். அவளுக்கு டீ, காபி கூடாது, குழாய்கள் சுருங்கிவிடும். சிகரெட் பிடிப்பவர் கிட்டவே வரக் கூடாது. அவள் கணவர் லாரி ஓட்டுபவர், நாளெல்லாம் புகைப்பவர். சட்டையை மாற்றி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தும் நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அங்கேயே நின்று பார்ப்பார். நர்ஸ் அடிக்கடி வந்து நகத்தை அழுத்தி, விட்டு, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பாள். முதலில் லேசான ரோஸ் நிறம் வந்தது. எனக்கு நிறம் தெரியும், என் தொழில் அது. அடுத்த நாள் சாம்பல் கலந்தது. பிறகு கத்தரிப்பூ நிறம். பிறகு கறுத்தது. நகத்தடியில் மெஷின் கிரீஸ் அப்படியே இருந்தது, கடைசியில் கிரீஸ் எது, விரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாடை வந்தது. அதை வாடை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜன்னலை மட்டும் திறந்து திறந்து வைத்தோம்.

அவள்தான் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அக்கா, அது செத்துப்போச்சு. எனக்குத் தெரியுது. எடுத்துடச் சொல்லு" என்றாள்.

எடுத்துவிட்டார்கள்.

பிறகு டாக்டர் இரண்டு வழி சொன்னார். இப்படியே மூடித் தைத்துவிடலாம், சீக்கிரம் ஆறிவிடும், ஆனால் கை எதையும் பிடிக்காது. இல்லையென்றால் கால் பெருவிரலுக்குப் பக்கத்து விரலை எடுத்துக் கையில் வைக்கலாம். நடைக்குப் பெரிய குறை வராது. ஆனால் அதுவும் கறுத்துப்போக வாய்ப்புண்டு, அப்படிப் போனால் அங்கும் இல்லை, இங்கும் இல்லை. பட்டறையிலிருந்தும் செய்தி வந்திருந்தது. அந்தக் கையால் தகட்டைத் தூக்கிப் பிடிக்க முடிந்தால் பழைய மெஷின், முடியாவிட்டால் பெருக்குகிற வேலை.

"கையும் போச்சு. காலையும் குடுக்கணுமா?" என்று அவள் கணவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல. நாலு இரவாகத் தூங்காத முகம்.

"முடி பின்ன முடியல, கொக்கி மாட்ட முடியல. சின்னப் புள்ளைக்கு மாதிரி அக்கா வந்து மாட்டிவிடுறா. கால்ல அந்த விரலு செருப்புக்குள்ள சும்மாத்தான கிடக்கு? அதுவும் வேலை செய்யட்டும்" என்றாள் அவள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஐஸைப் பற்றி டாக்டர் சொன்னதை நான் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். டாக்டர் போனதும் என்னைக் கிட்டே வரச் சொன்னாள். ரகசியம் சொல்கிற நினைப்பில், ஐஸ் விஷயம் பட்டாணிக்குத் தெரிய வேண்டாம், அதில் போட்டதால்தான் விரல் செத்தது என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள் என்றாள். அவள் குரல் எப்படிப்பட்டது என்று முன்பே சொன்னேன். நான் திரும்பிப் பார்த்தபோது, துவைத்த துணிகளைப் பையில் எடுத்துக்கொண்டு பட்டாணி வாசலில் நின்றிருந்தாள். பையைத் தரையில் வைத்தாள். திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. வேலைக்கும் போகவில்லை என்று பட்டறைப் பெண்கள் சொன்னார்கள்.

கால் விரல் கைக்கு வந்தது. மறுபடி சூடான அறை, மறுபடி நகத்தை அழுத்தி அழுத்திப் பார்ப்பது. யாரும் வாய் திறந்து எதையும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொண்டோம். இந்த முறை ரோஸ் நிறம் ரோஸ் நிறமாகவே நின்றது.

கையில் கட்டும், ஒரு காலில் குதிகால் நடையுமாக அவள் வீடு வந்து சேர்ந்ததும் முதலில் போன இடம் பட்டாணியின் வீடு. நான் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன். பட்டாணி கதவைத் திறந்தாள், உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நான்தான கொன்னேன்" என்றாள்.

"ஐஸ்ல போட்டது தப்பு" என்றாள் என் தங்கை. "தூக்கிட்டு ஓடினது தப்பில்ல. நீ எடுக்கலன்னா கழிவுத் தகட்டோட சேர்த்துக் கூட்டித் தள்ளியிருப்பானுங்க." பிறகு கட்டின் நுனியில் தெரிந்த விரலை நீட்டினாள். "இங்க பாருடி. கீழ்வீட்டுக்காரன் மாடிக்குக் குடிவந்துட்டான்."

பட்டாணி சிரிக்கவில்லை. ஒரே ஒரு விரலால் அந்த விரலைத் தொட்டாள். "சூடா இருக்கு" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். அடுத்த வாரம் வேலைக்குப் போனாள்.

இன்று சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டி பட்டாணியின் பொறுப்பு. சுத்தமான துணி, பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றையும் அவ்வப்போது எடுத்துப் பார்த்து மாற்றி வைக்கிறாள். புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான். "விரலு ஐஸைப் பார்க்கலாம், தொடக் கூடாது" என்பாள். ஏன் என்று யாராவது கேட்டால் காரணத்தையும் சொல்வாள், தான் செய்த தப்பையும் விட்டுவிடாமல் சொல்வாள். அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டி வந்திருக்கிறது. இரண்டு பேருக்கு. ஒருவன் விரலோடு வீட்டுக்குப் போனான். மற்றவனுக்கு நசுங்கிய விரல், பத்திரமாகக் கொண்டுபோயும் ஒட்டவில்லை.

ஆனால் மாடிக்குக் குடிவந்தவன் அப்போது லேசில் வேலைக்கு இறங்கவில்லை. முதலில் உணர்ச்சியே கிடையாது. கண்ணால் பார்த்தால்தான் அந்த விரல் எங்கே இருக்கிறது என்று தெரியும். கண்ணை எடுத்தால் பிடித்தது நழுவிவிடும். டம்ளர் விழுந்தது, சீப்பு விழுந்தது, சாவி விழுந்தது. காலையில் எழுந்ததும் விரலைப் பார்த்து, "என்னடா, இன்னைக்காவது கை கால் அசைப்பியா?" என்று கேட்பாள். என் பட்டன் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். பெரிய கோட்டுப் பட்டனில் தொடங்கி, சட்டைப் பட்டனுக்கு வர மழை முடிந்துவிட்டது. சில நாள் டப்பாவைச் சுவரில் வீசியடிப்பாள். நான் குனிந்து பொறுக்கப் போனால் "தொடாத, நானே எடுக்கிறேன்" என்று கத்துவாள். இல்லாத பழைய விரலிலும் வலித்தது. தூக்கத்தில் இடது கையால் அதைத் தேடுவாள்.

கைப் பயிற்சி சொல்லித்தரும் பெண் கடைசியாக ஒரு பென்சிலைக் கொடுத்தாள். எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பிடி அதுதானாம். எழுதத் தெரியாது என்றதற்கு, பரவாயில்லை, கோடு போட்டால் போதும் என்றாளாம். இரண்டு நாள் கோடு போட்டுவிட்டுப் பென்சிலை வைத்துவிட்டாள். "சும்மா கோடு கிழிக்கிறதுக்கு நான் என்ன கிறுக்கியா? உருப்படியா ஏதாவது எழுதிக் குடு, அதுமேல போடுறேன்" என்றாள். எனக்கு என்ன தோன்றும்? அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். மூன்று எழுத்து. தகட்டில் போட்ட கோட்டின்மேல் கத்தியை நடத்துவது போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் பென்சிலை நடத்தினாள். கொஞ்சம் விலகினாலும் "தகடு வீண்" என்று தாளைத் தூரப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். என் தையல் அளவு நோட்டில் பாதி அப்படிப் போயிற்று.

வேலைக்குத் திரும்பிய அன்று நானும் கூடப் போனேன். வாசலிலிருந்தே அவள் மெஷின் தெரிந்தது. வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். தடுப்பு மேலே தூக்கிக் கட்டியபடியே இருந்தது. அதே துணிக் கிழிசல், அதே முடிச்சு. கிழிசலின் ஓரம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. என் தங்கை அதைப் பார்த்தாள். "முடிச்சு அப்படியே இருக்கே" என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். அது அவள் குரலே இல்லை, அவ்வளவு மெல்லச் சொன்னாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, அடுக்கிலிருந்து ஒரு தகட்டை எடுக்கச் சொன்னார்.

எடுத்தாள். தகட்டின் விளிம்பு புது விரலில் பதிந்து, நுனி வெளுத்தது. வருகை பதிய வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போதும், வை என்று அவர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் வைத்தாள், போடவில்லை, வைத்தாள். விரல் பழைய நிறத்துக்கு வருகிறதா என்று நான் பார்த்தேன். வந்தது.

அவர் கணக்கரைப் பார்த்துத் தலையசைத்தார். கணக்கர் வருகைப் பதிவைத் திறந்து, மைப்பெட்டியையும் திறந்தார். எழுதத் தெரியாதவர்கள் வலது பெருவிரலை வைப்பது அங்கே வழக்கம். அவளும் இத்தனை வருடமாக அப்படித்தான் வைத்துவந்தாள். அவர் வழக்கம்போல அவள் கையைப் பிடித்து மைக்குக் கொண்டுபோனார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இது காலு. எழுதுற பேப்பர் மேல கால வைக்கச் சொல்றீங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பட்டாணியின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கணக்கர் சமாளித்துக்கொண்டு, அப்படியானால் இடது கைப் பெருவிரலை வைக்கச் சொன்னார்.

"அதை எதுக்கு அழுக்காக்கணும்? பேனாவக் குடுங்க."

கொடுத்தார். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்களில் யாரோ நேரமாகிறது என்றார்கள், பட்டாணி அவர்களை அதட்டினாள். முதல் எழுத்து கட்டத்துக்குள் நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவது எழுத்தின் வால் கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. அவள் பேனாவைக் கீழே வைக்காமல், மை காயும்படி தாளை ஊதினாள். பதிவேட்டில் அந்த வரிசைக்கு மேலே கணக்கர் காலையிலேயே எழுதிவைத்திருந்தார்: ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை.